கூரைக்குக் கீழே திரும்பி வந்தது

அந்த நாட்களில் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்த்தது கூரையைத்தான். வாங்க என்று கூப்பிடுகிறவர்களின் முகத்தைக்கூடப் பிறகுதான் பார்ப்பேன். ஓலை என்றால் உள்ளே போவேன். ஓடு என்றால் கதவோரமாக உட்காருவேன். தளம் போட்ட வீடு என்றால் செருப்பைக் கழற்றாமல் வெளியே நின்றபடியே, "இல்லீங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிடுவேன். எனக்குத் திமிர் என்று சிலர் பேசினார்கள். நான் எப்போதுமே நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் என்பதால் அது கூச்சம் என்று சிலர் சொன்னார்கள். இரண்டும் இல்லை. மேலே இருப்பது விழுந்தால் எத்தனை எட்டில் வாசலை அடையலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் அப்போது போர்வெல் லாரி ஓட்டினார். அந்த வேலை மராட்டியத்தில் நிறையக் கிடைத்தது. லாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு எடுத்து என்னையும் மகளையும் வைத்திருந்தார். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடு. கூரை மேலும் முழங்கை உயரத்துக்கு மண் போட்டிருப்பார்கள். வெயில் காலத்தில் உள்ளே நுழைந்தால் பானைத் தண்ணீரில் கை வைத்த மாதிரி இருக்கும். அதற்காகவே அந்த வீடு எனக்குப் பிடித்திருந்தது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஊரே பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து படுத்த அன்று, விடிவதற்கு முன்னால் நிலம் ஆடியது. அவர் வண்டியோடு வேறு ஊரில் இருந்தார். அந்தக் குளிர்ந்த கூரை எங்கள் மேல் இறங்கியது. மகளுக்கு நான்கு வயது. அவள் கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிருந்தாள். இருட்டில் அவள் மணிக்கட்டு மட்டும் என் கையில் கிடைத்தது. வெயில் ஏறிய பிறகு எங்களைத் தோண்டி எடுத்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சிராய்ப்புதான். பக்கத்து வீடுகளில் அப்படி இல்லை. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

உயிரோடு வந்துவிட்டோம், இனி என்ன என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஊருக்குத் திரும்பினோம். குத்தம்பாக்கத்தில் என் வீட்டுக்காரரின் அக்கா வீடு இருந்தது. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். நிலமும் மாடும் உள்ள வீடு. தளம் போட்டு நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. அண்ணி ஆரத்தி எடுத்து எங்களை உள்ளே கூப்பிட்டார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகையின் ஓலைக் கூரைக்குக் கீழே போய் நின்றேன்.

அன்றிலிருந்து அங்கேதான் படுத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டே தூங்குவேன். மகளின் கையை என் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வேன். குளிக்கப் போனால் கதவைச் சாத்தாமல் மூன்று சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடி வந்துவிடுவேன். மாடு காலை மாற்றி வைத்தால் எனக்குத் தெரியும். தெருவில் டிராக்டர் வருவது மற்றவர்களுக்குக் காதில் கேட்கும் முன்பே என் உள்ளங்காலில் கேட்கும். அது நின்ற பிறகும் நிலம் ஆடிக்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கும். ஒரு சொம்பில் தண்ணீர் வைத்து அதைப் பார்ப்பேன். தண்ணீர் அசையாது. நான்தான் ஆடிக்கொண்டிருப்பேன்.

தாயத்து கட்டினார்கள். திருமழிசையில் ஒருவர் வேப்பிலை அடித்தார். பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் தூக்கம் வரும். தூக்கத்தில் இன்னும் பெரிதாக ஆடும்.

இது என்னோடு போயிருந்தால் நான் கொட்டகையிலேயே காலம் தள்ளியிருப்பேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் குமணன்சாவடியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். மாடி வீடு. போகாமல் இருக்க முடியாத உறவு. சாப்பாடு முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளம் தின்றுகொண்டிருந்தாள். கீழே ரோட்டோரக் கடையில் லாரியிலிருந்து கம்பிக் கட்டுகளை இறக்கினார்கள். ஒரு கட்டு தடாலென்று விழுந்தது. தரை அதிர்ந்தது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மகளை வாரிக்கொண்டு படியில் இறங்கி, வாசலோடு நிற்காமல் பெங்களூர் ரோட்டின் நடுவில் போய் நின்றேனாம். ஒரு பஸ் எங்களுக்கு முன்னால் கோணலாகத் திரும்பி நின்றது. டிரைவர் இறங்கி வந்து கத்தினார். "சாவணும்னா நீ சாவுமா, கொயந்தைய எதுக்குமா இட்டாந்தே?"

ஓடின வேகத்தில் எங்கேயோ இடித்து மகளின் தாடை கிழிந்து ரத்தம் வந்தது. அவள் அழவில்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. அன்று மாலை அண்ணி வீட்டில் அவள் தானாகப் போய்க் கதவோரமாக உட்கார்ந்தாள். உள்ளே வா என்று கூப்பிட்டால், "ஓட முடியாது" என்றாள்.

அண்ணி என்னைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நான் சொல்றேன்னு கோவப்படாத. பொண்ணு என்னாண்ட இருக்கட்டும். உன்னப் பாத்துப் பாத்து அதுவும் அப்பிடியே ஆவுது."

நான் மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டேன்.

"ஒரேடியா வச்சிக்கிறேன்னு சொல்லல. தளம் போட்ட ஊட்ல, கதவ சாத்திகினு, என் எதிர்ல ஒரு மத்தியானம் நீ குந்தணும். அன்னிக்கே பொண்ண உன்னாண்ட உட்டுட்டுப் போறேன். அதுவரைக்கும் வாரத்துக்கு ஒரு தபா வந்து பாத்துட்டுப் போ."

அவர் கெட்டவர் இல்லை. சொன்னது நியாயம் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். ஒரு மத்தியானம் உட்கார வேண்டும்.

என் வீட்டுக்காரர் போர்வெல்லை விட்டுவிட்டு அம்பத்தூரில் லாரி ஓட்டப் போனார். தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஓலைக் குடிசை ஒன்றில் குடியேறினோம். அவர் வாரத்தில் ஐந்து நாள் ரோட்டில்தான். சும்மா இருந்தால் உள்ளங்கால் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் பக்கத்துக் குடிசைப் பெண்களோடு வேலை தேடிப் போனேன். அவர்கள் போன இடம் ஒரு பிரஸ் ஷாப். இரும்புத் தகட்டிலிருந்து வாஷர், கிளிப் எல்லாம் வெட்டி எடுக்கிற இடம். நான் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். முன்பக்கம் முழுக்க ஷட்டர். விழுந்தாலும் ஆளைக் கொல்லாது, ஆறு எட்டில் வெளியே வந்துவிடலாம் என்று தோன்றியது. சரி என்று சேர்ந்துவிட்டேன். கூரையைப் பார்த்த நான் தரையைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பிரஸ் மெஷின் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் இரும்பு. பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். காலால் பெடலை மிதித்தால் மேலே இருக்கிற கனமான பாகம் ஒரே அடியாக இறங்கித் தகட்டை வெட்டும். அந்த அடி தரையில் இறங்கி, நாம் உட்கார்ந்திருக்கிற மணையில் ஏறி, முதுகெலும்பு வழியாகப் பல்லுக்கு வரும்.

எனக்குக் கொடுத்தது வெட்டி எடுத்த துண்டுகளில் அரத்தால் பிசிறு தட்டுகிற வேலை. முதல் அடி விழுந்ததும் அரத்தைப் போட்டுவிட்டு ரோட்டில் நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அடுத்த அடி. மறுபடி ரோடு. மத்தியானத்துக்குள் எத்தனை முறை என்று எண்ணவில்லை. பெரிய பிரஸ்ஸில் வேலை செய்தவர் மற்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"யக்கா, அடுத்த தபா ஓடும்போது ஒரு டீ சொல்லிட்டு வா."

"எனக்கு ஒரு வடை," என்றாள் ஒருத்தி.

மறுநாள் டீ வாங்குகிற கேனை என் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். நான் நிஜமாகவே ஓடும்போது கேனை எடுத்துக்கொண்டு ஓடினேன். எதிரே இருந்த டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பாலை அடுப்பில் ஏற்றுவார். சூப்பர்வைசர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ஓட்டப் பந்தயம் இல்ல. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிக்க, இல்லாட்டி வேற எடம் பாரு" என்றார்.

அந்த இரண்டு வாரத்தில் ஒன்றைக் கவனித்திருந்தேன். மூலையில் ஒரு சின்ன பிரஸ் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். டக், டக், டக் என்று ஒரே சீராக அடிக்கும். அதுவும் தரையைத்தான் உலுக்கியது. அதற்கு நான் ஓடவில்லை. பெரிய பிரஸ்ஸுக்குத்தான் ஓடினேன். அது எப்போது அடிக்கும் என்று தெரியாது. அந்த மனிதர் தகட்டை நகர்த்துவார், மூக்கைத் துடைப்பார், யாரோடாவது பேசுவார், திடீரென்று மிதிப்பார்.

சாப்பாட்டு நேரத்தில் இதை அவரிடம் சொன்னேன். என் வாயிலிருந்து அவர் கேட்ட முதல் நீளமான பேச்சு அதுதான். அவருக்கு என் வயதுதான் இருக்கும். இடது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அதாவது, எப்ப வரும்னு தெரிஞ்சா பயம் இல்ல?"

"ஆமா."

"அப்ப நீயே மிதி."

"நானா?"

"நீ மிதிச்சா உனக்குத் தெரியாம எப்பிடி வரும்?"

கையைக் கழுவிவிட்டு வந்து மெஷினைப் போட்டார். தகடு எதுவும் வைக்கவில்லை. என் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். தன் பாதி விரல்களைத் தூக்கிக் காட்டினார். "கைய உள்ள வுட்டா இது. வுடலன்னா வெறும் சத்தம். அவ்ளோதான்."

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பெடலின் மேல் கால் வைத்தேன். பெண்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். ஒருத்தி வாசல் பக்கம் வழி விட்டு நின்றாள், நான் ஓட வசதியாக.

மிதித்தேன்.

தரை ஆடியது. பல் வரைக்கும் ஏறியது. அதே ஆட்டம்தான். ஆனால் இந்த முறை அது என் காலிலிருந்து கிளம்பியது. எனக்கு முன்னால் அது போகவில்லை, எனக்குப் பின்னால் வந்தது. மறுபடி மிதித்தேன். மறுபடி. நான் மிதிக்காதபோது தரை சும்மா இருந்தது. அதை நம்ப முடியாமல் காலைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சும்மாவேதான் இருந்தது. அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரம் முடியும் வரை நான் நிறுத்தவில்லை. அழுதேனா சிரித்தேனா என்று கேட்டால், மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான் ஞாபகம்.

"போதும்கா," என்றார் அவர். "கரண்டு பில்லு ஏறுது."

அன்று மத்தியானம் நான் ரோட்டுக்குப் போகவில்லை. மூன்று மணிக்கு எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "அப்ப டீக்கு யாரு போறது?" என்றாள் வடை கேட்டவள்.

ஆடி மாதத்துக்குள் நானே ஒரு பிரஸ்ஸில் உட்கார்ந்தேன். கையை உள்ளே விடாமல் இடுக்கியால் துண்டை எடுக்கப் பழகினேன். அந்த ஷாப்பில் பிரஸ் மிதித்த முதல் பெண்பிள்ளை நான்தான். இப்போது சொன்னால் பெருமையாக இருக்கிறது. அப்போது பெருமைப்பட நேரமில்லை. ஷெட்டில் நின்றாகிவிட்டது, இன்னும் தளம் பாக்கி இருந்தது.

என் வீட்டுக்காரரிடம் தளம் போட்ட வீடு பார்க்கச் சொன்னேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு போர்ஷன் கிடைத்தது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே கனமான தளம். முதல் நாள் வாசலிலேயே நின்றேன். ரயில் எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் பெடலும் கிடையாது.

ஷாப்பில் நடந்ததை யோசித்தேன். வீட்டை ஆட்டுவது நானாக இருந்தால்? மார்க்கெட்டுக்குப் போய் ஒரு இரும்பு உரலும் உலக்கையும் வாங்கி வந்தேன். காய்ந்த மிளகாயைப் போட்டு அறைக்கு நடுவில் உட்கார்ந்து இடித்தேன். ஒவ்வொரு இடிக்கும் அலமாரியில் தட்டுகள் கிணுகிணுவென்றன. தளத்தைப் பார்த்துக்கொண்டே இடித்தேன். அது விழவில்லை. கதவைத் திறந்து வைத்து ஒரு வாரம். பாதி சாத்தி இரண்டு வாரம். முழுக்கச் சாத்தினபோது முதல் நாள் ஐந்து இடிதான் தாங்கினேன். மிளகாய் நெடி வேறு. இருமலோடு வெளியே வந்தேன்.

போர்ஷனை வாடகைக்கு விட்ட வீட்டுக்கார அம்மா எதிரில் நின்றுகொண்டிருந்தார். "இன்னாமா, தெனம் மொளகா இடிக்கிறே? ஓட்டல் வெக்கப் போறியா?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

இடித்த தூளை என்ன செய்வது? வீட்டுக்கார அம்மாவுக்குக் கொடுத்தேன். ஷாப் பெண்களுக்குக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கக் குத்தம்பாக்கம் போகும்போதெல்லாம் ஒரு டப்பா கொண்டு போனேன். நான்காவது டப்பாவோடு அண்ணி, "அடியே, எங்க ஊட்ல கோயி கூட இத்தச் சாப்புடாது, போதும்டி" என்றார். மகள் அப்போதும் கதவோரம்தான் படுத்தாள். நான் கிளம்பும்போது கேட் வரைக்கும் வருவாள். என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று கேட்கமாட்டாள். கேட்டிருந்தால் பரவாயில்லை.

புரட்டாசி முடிவதற்குள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, இடிக்காமல், கையைச் சும்மா வைத்துக்கொண்டு என்னால் உட்கார முடிந்தது. ரயில் போகும். வியர்க்கும். உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் ரயில் போனபோது நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அது போய்விட்டது என்பதே பிறகுதான் தெரிந்தது. அன்று அண்ணிக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி மகளோடு வந்தார். காலையிலிருந்தே தூறல். அண்ணி வாசலில் நின்று தளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே வந்தார். மகள் கதவோரம் உட்கார்ந்தாள். மீன் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது மழை வலுத்துச் சாரல் உள்ளே அடித்தது. நான் எழுந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். மகள் கதவைப் பார்த்தாள், எழுந்து வந்து என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டாவது சோறு போடும்போது கூட்ஸ் வண்டி வந்தது. அன்றைக்கு வந்தது சாதாரண வண்டி இல்லை. இரும்போ கரியோ, அவ்வளவு பாரம். தட்டுகள் ஆடின. குழம்புச் சட்டியில் குழம்பு நெளிந்தது. ஜன்னல் கம்பி கடகடவென்றது. மழைச் சத்தத்தில் ஊதல் கேட்கவில்லை.

பொய் சொல்லக் கூடாது. என் பாதமும் தரையிலிருந்து எழும்பியது. அப்போது மகள் என் முகத்தைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்க்கவில்லை, தளத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் என்ன செய்கிறேனோ அதை அவள் வாழ்நாள் முழுக்கச் செய்வாள் என்று தோன்றியது. பாதத்தைக் கீழே வைத்தேன்.

"கூட்ஸ் வண்டி," என்றேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது. "எத்தினி பெட்டின்னு எண்ணு, பாக்கலாம்."

"ஒண்ணு," என்றாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். "ரெண்டு. மூணு."

அதற்குள் தாழ்ப்பாள் படாரென்று திறந்தது. அண்ணி! எச்சில் கையோடு, தடுக்கி விழாத குறையாக மழைக்குள் ஓடி, நடு முற்றத்தில் நின்று கத்தினார். "ஐயோ, வெளிய வாங்கடி! நெலம் ஆடுது! வெளிய வாங்கடி!"

வயல் நடுவில் வாழ்கிறவர். ரயில் பாதையோர வீட்டில் அவர் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

"அண்ணி, அது ரயிலு!" என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் அதுவரை பேசியதில்லை. "உள்ள வாங்க, நனையறீங்க!"

"பதினேழு," என்றாள் மகள். "அத்த, உள்ள வா. எண்ண வுட மாட்டேங்கறே."

வீட்டுக்கார அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார். வண்டி போய் முடிந்தது. மகள் நாற்பத்தொன்று என்றாள். நடுவில் சில பெட்டிகள் தவறியிருக்கும். அண்ணி தலையிலிருந்து தண்ணீர் சொட்ட உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். நான் சோற்றுக் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னச் சோதிக்க வந்தேன்டி. நான் ஓடிட்டேன், நீ குந்தினு கீறே!"

"மாத்துப் புடவை தரட்டுமா அண்ணி?"

"அந்தப் பைய எடு," என்றார்.

கொண்டுவந்த பெரிய பையில் அவருடைய புடவை இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். எல்லாம் மகளின் துணிகள். கவுன்கள், பாவாடைகள், உள்ளாடைகள், தலைக்குக் கட்டுகிற ரிப்பன், அங்கே சேர்த்திருந்த பள்ளிக்கூடத்தின் சர்டிபிகேட்டு. காலையிலேயே மொத்தத்தையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவருக்கு என் புடவை ஒன்றைக் கொடுத்தேன். மகள் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி பண்ணச் சொன்னாள். அங்கே இருந்த டப்பாக்களை எல்லாம் மேலே ஏற்றினேன். அவள் கவுன்களை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். இரண்டு சின்னதாகிப் போயிருந்தன. அவற்றையும் வைத்தாள்.